தசம எண்களைப் பத்தின் அடுக்குகளால் பெருக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தால் பெருக்குவதைவிட எளிய பெருக்கல் கிடையாது. ஆனாலும் தசம எண்கள் வந்ததும் பலர் முதலில் தடுமாறுவது இங்கேதான். "புள்ளியை வலப்பக்கம் தள்ளு" என்ற வரியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குச் சின்ன வகுப்பில் மதிப்பெண் கிடைத்துவிடும். பெரிய வகுப்பில் 10⁻⁴ எதிரே வந்து நிற்கும்போது எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் விழிப்பார். மாணவர்களும் பெற்றோரும் கற்றுக்கொடுப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது இடமதிப்பு ஒன்றுதான்.

3.47-ஐப் பத்தால் பெருக்கினால் 34.7 வருகிறது. ஏன்?

3.47-க்குள் 3 ஒன்றுகள், 4 பத்தில் ஒன்றுகள், 7 நூறில் ஒன்றுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பத்து மடங்காக்கிப் பாருங்கள். 3 ஒன்றுகள் பத்து மடங்கானால் 30, அதாவது 3 பத்துகள். பத்தில் ஒரு பங்கைப் பத்து முறை எடுத்தால் முழுசாக ஒன்று கிடைக்கும். ஆகவே 4 பத்தில் ஒன்றுகள் 4 ஒன்றுகளாகிவிடும். நூறில் ஒரு பங்கைப் பத்து முறை எடுத்தால் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 7 நூறில் ஒன்றுகள் 7 பத்தில் ஒன்றுகளாகும். கூட்டினால் 30 + 4 + 0.7 = 34.7.

3, 4, 7 என்ற இலக்கங்கள் மாறவில்லை. அவற்றின் வரிசையும் மாறவில்லை. ஒவ்வொன்றும் ஓரிடம் இடப்பக்கம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். நம் எண்முறையில் எந்த இடத்தை எடுத்தாலும் அதன் மதிப்பு வலப்பக்கத்து இடத்தைப் போலப் பத்து மடங்கு. அதனால் பத்தால் பெருக்கும்போது பெருக்கல் வாய்பாடே தேவைப்படுவதில்லை. ஏழால் பெருக்கும்போது இந்தச் சலுகை கிடையாது.

அப்படியானால் நகர்வது புள்ளியா, இலக்கங்களா?

இலக்கங்கள்தான். ஒன்றாம் இடம் எங்கே முடிகிறது, பத்தில் ஒன்றாம் இடம் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதுதான் புள்ளியின் வேலை. அந்த எல்லை எங்கும் போவதில்லை.

இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. ஒரு தாளில் நூறு, பத்து, ஒன்று, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று ஆறு கட்டங்கள் வரையுங்கள். ஒன்றுக்கும் பத்தில் ஒன்றுக்கும் நடுவே உள்ள கோட்டின் மேல் சிவப்பு மையில் அழுத்தமாக ஒரு புள்ளி வையுங்கள். தனியாக ஒரு காகிதப் பட்டையை வெட்டி, கட்டத்துக்கு ஒன்றாக 3, 4, 7 என்று எழுதிக்கொள்ளுங்கள். 3 ஒன்றாம் இடத்தின் கீழே வருமாறு பட்டையை வைத்தால் 3.47. ஒரு கட்டம் இடப்பக்கம் இழுத்தால் 34.7. மறுபடி ஒரு கட்டம் இழுத்தால் 347. இப்போது சிவப்புப் புள்ளிக்கு வலப்பக்கம் ஒன்றுமே இல்லை, ஆகவே புள்ளியை எழுத வேண்டிய அவசியமும் இல்லை. பட்டையை முதல் நிலைக்குக் கொண்டுவந்து வலப்பக்கம் ஒரு கட்டம் தள்ளினால் ஒன்றாம் இடம் காலியாகிவிடும்; அங்கே பூஜ்ஜியம் போட்டு 0.347 என்று படிக்கிறோம். இத்தனைக்கும் சிவப்புப் புள்ளி அசையவே இல்லை.

கணக்குப் போடும்போது புள்ளியைத் தள்ளுவதில் தவறு எதுவும் இல்லை. இலக்கங்கள் இடப்பக்கம் போவதும் புள்ளி வலப்பக்கம் போவதும் தாளில் ஒரே விடையாகத்தான் வந்து நிற்கும். வேகம் வேண்டியபோது நானும் புள்ளியைத்தான் தள்ளுகிறேன். ஆனால் கற்றுக்கொடுக்கும்போது முதலில் இலக்கங்களைத்தான் நகர்த்திக் காட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புள்ளியைத் தள்ளும் விதி திசையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. திசை மறந்துபோனால் அந்த விதியை வைத்துக்கொண்டு அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. இடமதிப்பு தெரிந்த குழந்தைக்குத் திசை மறந்தாலும், "பத்து மடங்கானால் பெரிய இடத்துக்குத்தானே போகும்" என்று யோசித்து மீண்டுவரத் தெரியும்.

பத்தால் பெருக்கக் கடைசியில் ஒரு பூஜ்ஜியம் சேர்த்தால் போதும் என்று படித்தோமே?

முழு எண்களுக்கு அது சரி. 25-ஐப் பத்தால் பெருக்கும்போது 2 நூறாம் இடத்துக்கும் 5 பத்தாம் இடத்துக்கும் ஏறுகின்றன. ஒன்றாம் இடம் காலியாகிறது, அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் பூஜ்ஜியம் வருகிறது. 2.5-ஐப் பெருக்கும்போது எந்த இடமும் காலியாவதில்லை: 2 ஏறிய இடத்துக்கு 5 வந்துவிடுகிறது. விடை 25. பூஜ்ஜியத்தைக் கடைசியில் ஒட்டி 2.50 என்று எழுதினால் எண் துளியும் வளரவில்லை, 2.5-ஆகவே இருக்கிறது.

"பூஜ்ஜியம் சேர்" என்று முதலிலேயே சொல்லிக் கொடுக்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. இரண்டு வருடம் சரியாக வேலை செய்துவிட்டுத் தசமம் வந்ததும் கைவிட்டுவிடும் விதி அது. குழந்தை அதை நம்பியதில் தவறே இல்லை.

என் பிள்ளை 3.4 × 10 = 30.40 என்று எழுதுகிறாள். எங்கே பிசகுகிறது?

புள்ளிக்கு முன்னால் ஓர் எண், பின்னால் இன்னோர் எண் என்று 3.4-ஐ இரண்டாகப் பார்க்கிறாள். 3-ஐத் தனியாகப் பத்தால் பெருக்கினால் 30, 4-ஐத் தனியாகப் பெருக்கினால் 40, நடுவே புள்ளி. அவள் மனதில் புள்ளி என்பது யாரும் தாண்ட முடியாத சுவர்.

விதியைத் திரும்பச் சொல்வதால் இது சரியாகாது. 0.4-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டச் சொல்லுங்கள். 0.4, 0.8, அடுத்து? சிக்கல் இருக்குமானால் இந்த மூன்றாவது படியில் தெரிந்துவிடும். 0.12 என்று எழுதுவாள், ஏனென்றால் 8-உம் 4-உம் 12. அங்கேயே நிறுத்தி, பத்தில் எட்டுப் பங்கும் பத்தில் நான்கு பங்கும் சேர்ந்தால் பத்தில் பன்னிரண்டு பங்கு, அதில் பத்துப் பங்கு முழு ஒன்றாகிவிடுகிறது, மிச்சம் இரண்டு பங்கு என்று வரைந்து காட்டுங்கள்: 1.2. பிறகு 1.6, 2.0 என்று அவளே போய்ப் பத்தாவது கூட்டலில் 4-ஐ அடைவாள். பங்குகள் புள்ளியைத் தாண்டி முழு எண்ணாகின்றன என்பதை அவள் கையே எழுதிப் பார்த்துவிடும். அதன்பின் 30 + 4 = 34 என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

10², 10³ என்று அடுக்கில் கொடுத்தால் எத்தனை இடம் நகர்த்துவது?

அடுக்கு எவ்வளவோ அவ்வளவு இடம். 10³ என்பது 10 × 10 × 10, அதாவது மூன்று முறை பத்தால் பெருக்குவது. ஒவ்வொரு முறைக்கும் ஓரிடம். 6.281 × 10³ = 6281.

10³-ஐ 30 என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. 10 × 3 வேறு, 10³ வேறு. குழப்பம் வந்தால் 1-ஐ எழுதி அடுக்கின் எண்ணிக்கைக்குப் பூஜ்ஜியங்கள் போட்டுப் பார்த்தால் போதும்: 10³ = 1000, 10⁵ = 100000.

நகர்த்தும்போது இலக்கங்கள் தீர்ந்துபோனால்?

காலி இடங்களில் பூஜ்ஜியம் போட வேண்டும். 2.5 × 10⁴ என்பதில் 2 பத்தாயிரத்தின் இடத்துக்கும் 5 ஆயிரத்தின் இடத்துக்கும் போகின்றன. நூறு, பத்து, ஒன்று மூன்றும் காலி. விடை 25000. நான்கு பூஜ்ஜியங்களை ஒட்டி 250000 என்று எழுதிவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. அடுக்கு சொல்வது எத்தனை இடம் நகர வேண்டும் என்பதை. எத்தனை பூஜ்ஜியம் என்பதை அல்ல.

இன்னும் கொஞ்சம் சிக்கலான ஒன்றை மெதுவாகப் பார்ப்போம்: 0.0608 × 10³. இதில் 6 நூறில் ஒன்றாம் இடத்திலும், 8 பத்தாயிரத்தில் ஒன்றாம் இடத்திலும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஆயிரத்தில் ஒன்றாம் இடத்தில் ஒரு பூஜ்ஜியம். மூன்றிடம் ஏறினால் 6 பத்தாம் இடத்துக்கு வருகிறது. நடுப் பூஜ்ஜியம் ஒன்றாம் இடத்துக்கு, 8 பத்தில் ஒன்றாம் இடத்துக்கு. விடை 60.8. முன்னால் இருந்த பூஜ்ஜியங்கள் இடத்தைக் காட்ட மட்டுமே நின்றவை. வேலை முடிந்ததும் உதிர்ந்துவிட்டன. நடுப் பூஜ்ஜியம் அப்படியல்ல, அது எண்ணின் பகுதி, கூடவே வர வேண்டும். அதை விட்டுவிட்டு 68 என்றோ 6.8 என்றோ எழுதுபவர்கள் கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுதிப் பழகினால் சில நாளில் சரியாகிவிடும்.

10⁰ என்றால் பூஜ்ஜியமா?

இல்லை, 1. 1000, 100, 10 என்று இறங்கி வரும்போது ஒவ்வொரு படியிலும் பத்தால் வகுக்கிறோம், அடுக்கு ஒன்று குறைகிறது. 10¹-ஐப் பத்தால் வகுத்தால் 1, ஆகவே 10⁰ = 1. பூஜ்ஜிய இடம் நகர்த்து, அதாவது நகர்த்தாதே என்று பொருள். 8.15 × 10⁰ = 8.15.

எதிர்மறை அடுக்குகளை எப்படிப் புரிந்துகொள்வது?

அதே இறக்கத்தைத் தொடர்ந்தால் போதும். 1-ஐப் பத்தால் வகுத்தால் 0.1, அது 10⁻¹. மறுபடி வகுத்தால் 0.01, அது 10⁻². ஆக 10⁻²-ஆல் பெருக்குவதும் 100-ஆல் வகுப்பதும் ஒன்றே. இலக்கங்கள் இப்போது வலப்பக்கம் இறங்கும். 4.5 × 10⁻² என்றால் 4 ஒன்றாம் இடத்திலிருந்து நூறில் ஒன்றாம் இடத்துக்கு இறங்குகிறது: 0.045.

இதில் இரண்டு தவறான எண்ணங்கள் வருவதுண்டு. அடுக்கு எதிர்மறை என்றால் விடையும் எதிர்மறை என்று நினைப்பது ஒன்று. அடுக்கில் உள்ள கழித்தல் குறி நகரும் திசையை மட்டுமே சொல்கிறது. எண்ணின் குறியை அது தொடுவதில்லை. விடை எதிர்மறையாக வேண்டுமானால் எண்ணே எதிர்மறையாக இருக்க வேண்டும்: −0.052 × 10³ = −52. பெருக்கினால் எண் பெரிதாகத்தான் வேண்டும் என்று நினைப்பது மற்றொன்று. முழு எண்களோடு மட்டும் பழகியதால் வந்த பழக்கம் அது. 0.1-ஆல் பெருக்குவது என்பது பத்தில் ஒரு பங்கை எடுப்பது. பங்கை எடுத்தால் குறையத்தானே செய்யும்.

விடை சரியா என்று எளிதாகச் சோதிக்க முடியுமா?

முடியும், கட்டாயம் சோதிக்க வேண்டும். எண்ணைத் தோராயமாக்கி மனதுக்குள் ஒரு முறை பெருக்கிப் பாருங்கள். 0.0608-ஐ 0.06 என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் மடங்கு 60, ஆகவே 60.8 பொருந்துகிறது, 608 பொருந்தவில்லை. இடத்தைத் தவறாக நகர்த்துவதால் வரும் பிழைகள் எல்லாமே பத்து மடங்கு, நூறு மடங்கு என்று பெரிய அளவில்தான் இருக்கும், அதனால் முரட்டுத்தனமான தோராயமே அவற்றைப் பிடித்துவிடும்.

அலகு மாற்றும்போது பெருக்குவதா வகுப்பதா என்று குழம்புகிறது. வழி உண்டா?

சிறிய அலகில் அளந்தால் எண்ணிக்கை பெரிதாகும், பெரிய அலகில் அளந்தால் சிறிதாகும். இதை முதலில் தீர்மானித்துக்கொண்டு பிறகு இடங்களை நகர்த்துங்கள். 2.75 கிலோமீட்டரை மீட்டராக்கும்போது அலகு சிறியதாகிறது, எண் பெரிதாக வேண்டும்: 2.75 × 10³ = 2750 மீட்டர். 480 மில்லிகிராமைக் கிராமாக்கும்போது எண் குறைய வேண்டும்: 480 × 10⁻³ = 0.48 கிராம்.

பரப்பளவில் கவனம் தேவை. ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால் ஒரு சதுர மீட்டருக்கும் 100 சதுர சென்டிமீட்டர் என்று கைப்பழக்கத்தில் எழுதிவிடுவோம். நீளத்திலும் நூறு, அகலத்திலும் நூறு என்பதால் அது 10⁴. ஆகவே 0.06 சதுர மீட்டர் என்பது 600 சதுர சென்டிமீட்டர். கன அளவுக்கு உயரமும் சேர்ந்து 10⁶ ஆகிவிடும். 0.0025 கன மீட்டர் = 2500 கன சென்டிமீட்டர். 1000 கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர் என்பதால் அது 2.5 லிட்டர்.

கிலோ, மெகா, மைக்ரோ என்பவையும் இதே கணக்குதானா?

ஆம், அடுக்குக்கு வைத்த பெயர்கள்தான் அவை. கிலோ 10³, மெகா 10⁶, கிகா 10⁹, டெரா 10¹². கீழே மில்லி 10⁻³, மைக்ரோ 10⁻⁶, நானோ 10⁻⁹, பிகோ 10⁻¹². அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே மூன்றிடம். 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை மைக்ரோமீட்டரில் சொன்னால் 0.55. மீட்டரில் சொன்னால் 5.5 × 10⁻⁷.

இந்தப் பெயர்கள் போதாமல் போய், 2022 நவம்பரில் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு நான்கு புதிய பெயர்களைச் சேர்த்தது: ரொன்னா 10²⁷, குவெட்டா 10³⁰, ரொன்டோ 10⁻²⁷, குவெக்டோ 10⁻³⁰. பூமியின் நிறை ஏறக்குறைய 5.97 × 10²⁴ கிலோகிராம். கிராமாக்கினால் மூன்றிடம் ஏறி 5.97 × 10²⁷. ஆகவே பூமி ஏறத்தாழ ஆறு ரொன்னாகிராம்!

அறிவியல் குறியீட்டில் எழுதுவதால் என்ன லாபம்?

எண்ணின் இலக்கங்களையும் அதன் பருமனையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. 1-க்குக் குறையாமலும் 10-ஐ எட்டாமலும் உள்ள ஓர் எண், அதோடு பத்தின் ஓர் அடுக்கு. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 2.99792458 × 10⁸ மீட்டர். புள்ளிக்குப் பின் எட்டு இலக்கங்கள், அடுக்கும் எட்டு. விரித்தால் இலக்கங்கள் மிச்சமின்றி முழு எண்ணாகிவிடும்: 299792458. வானியலில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள சராசரித் தூரத்தை ஒட்டி வகுத்த வானியல் அலகு 1.495978707 × 10¹¹ மீட்டர். இதில் ஒன்பது இலக்கங்கள், அடுக்கு பதினொன்று. இரண்டு இடம் காலியாவதால் இரண்டு பூஜ்ஜியங்கள்: 149597870700.

இந்த இரண்டையும் தோராயமாக்கினால் சூரிய ஒளி நம்மை வந்தடைய எவ்வளவு நேரமாகிறது என்று மனக்கணக்காகவே போடலாம். 1.5 × 10¹¹-ஐ 3 × 10⁸-ஆல் வகுக்க வேண்டும். 1.5-ஐ 3-ஆல் வகுத்தால் 0.5, அடுக்குகளைக் கழித்தால் 3. ஆக 0.5 × 10³ = 500 நொடி, எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். பதினெட்டுப் பூஜ்ஜியங்களோடு போராடாமல் இரண்டு வரியில் சூரியனிலிருந்து பூமிக்கு வந்துவிட்டோம். பத்தின் அடுக்குகளைப் படிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

கால்குலேட்டரில் 3.2-க்கும் 5-க்கும் நடுவே "ஈ" என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். 3.2 × 10⁵, அதாவது 320000 என்பதைத்தான் அது அப்படிச் சுருக்கிக் காட்டுகிறது.

லட்சம், கோடி, மில்லியன், பில்லியன் கணக்கை எப்படி மாற்றுவது?

லட்சம் 10⁵, மில்லியன் 10⁶, கோடி 10⁷, பில்லியன் 10⁹. மில்லியனிலிருந்து லட்சத்துக்கு ஓரிடம் ஏற்றம்: 2.4 மில்லியன் = 24 லட்சம். பில்லியனிலிருந்து கோடிக்கு இரண்டிடம்: 1.35 பில்லியன் = 135 கோடி. 2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 8 பில்லியனை எட்டியதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. நம் வழக்கில் 800 கோடி.

0.375-ஐச் சதவீதமாக்க 100-ஆல் பெருக்குகிறோம். அப்படியானால் எண் மாறிவிடாதா?

37.5 என்று மட்டும் எழுதினால் மாறிவிடும். 37.5% என்று எழுதும்போது % குறியே நூறில் ஒரு பங்கு என்கிறது. நூறால் பெருக்கியதை அந்தக் குறி நூறால் வகுத்துவிடுகிறது, மதிப்பு அப்படியே நிற்கிறது. குறியை விட்டுவிட்டால் விடை தவறு.

இரண்டு தசம எண்களைப் பெருக்கும்போது இலக்கங்களை எண்ணிப் புள்ளி வைக்கிறோமே, அது ஏன்?

அந்த விதிக்குப் பின்னால் இருப்பதும் பத்தின் அடுக்குகள்தான். 0.3 × 0.04 என்பதை (3 × 10⁻¹) × (4 × 10⁻²) என்று எழுதுங்கள். 3 × 4 = 12. அடுக்குகளைக் கூட்டினால் −3. ஆக 12 × 10⁻³ = 0.012. புள்ளிக்குப் பின் ஒன்று, இரண்டு, மொத்தம் மூன்று இலக்கங்கள் என்று நாம் எண்ணுவது உண்மையில் அடுக்குகளைக் கூட்டுவது.

தசமத்தால் வகுப்பதிலும் இதே உத்திதான். 4.2 ÷ 0.07 கடினமாகத் தோன்றினால் இரண்டையும் 10²-ஆல் பெருக்குங்கள். 420 ÷ 7 = 60. இரண்டையும் ஒரே அளவில் வளர்த்ததால் ஈவு மாறாது.

முடிவில்லாமல் போகும் தசமங்களைப் பத்தால் பெருக்க முடியுமா?

தாராளமாக. இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அது. 0.2727... என்று 27 திரும்பத் திரும்ப வரும் எண்ணை "அ" என்று வைத்துக்கொள்வோம். நூறால் பெருக்கினால் இலக்கங்கள் இரண்டிடம் ஏறி 27.2727... ஆகிறது. புள்ளிக்குப் பின்னால் முன்பிருந்த அதே தொடர், இம்மியும் மாறாமல். 100அ-விலிருந்து அ-வைக் கழித்தால் முடிவில்லாத வால் முழுவதும் அடிபட்டுப்போய் 99அ = 27 என்று நிற்கும். ஆகவே அ = 27/99 = 3/11. முடிவில்லாத ஒன்றை ஒரு சின்னப் பின்னமாக்கிவிட்டோம், செய்ததெல்லாம் இடம் நகர்த்தியது மட்டுமே.

எத்தனை இலக்கங்கள் திரும்ப வருகின்றனவோ அத்தனை இடம் நகர்த்த வேண்டும். 0.1666... போல நடுவில் தொடங்கினால் இருமுறை நகர்த்த வேண்டும்: 10அ = 1.666..., 100அ = 16.666..., கழித்தால் 90அ = 15, அ = 1/6. இதே முறையில் 0.999...-ஐப் போட்டுப் பாருங்கள். 10அ = 9.999..., 9அ = 9, அ = 1. நம்ப மறுக்கும் மாணவர்களோடு இதைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினாலும் வீண் போகாது.

கம்ப்யூட்டரில் 0.29 × 100 போட்டால் 28.999999999999996 என்று வருகிறதே?

நாம் பத்தின் அடுக்குகளில் எண்ணுகிறோம், கம்ப்யூட்டர் பெரும்பாலும் இரண்டின் அடுக்குகளில் எண்ணுகிறது. பத்தின் அடுக்குகளில் மூன்றில் ஒரு பங்கு எப்படி முடிவில்லாமல் 0.333... என்று போகிறதோ, அப்படியே இரண்டின் அடுக்குகளில் 0.29 முடிவில்லாமல் போகும். கம்ப்யூட்டர் அதை ஓரிடத்தில் வெட்டி வைத்துக்கொள்கிறது. வெட்டியதில் 0.29-ஐவிட நூலிழை குறைந்துவிடுகிறது, நூறு மடங்காக்கும்போது அந்தக் குறை வெளியே தெரிகிறது. நிரல் எழுதுபவர்கள் இந்த விடையின் தசமப் பகுதியை வெட்டி எறிந்தால் 29-க்குப் பதில் 28 வரும். வெட்டாமல், அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்த வேண்டும். துல்லியம் தவறவே கூடாத கணக்குகளில் பின்னத்தைத் தவிர்த்து, சிறிய அலகில் முழு எண்ணாகவே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

தசமப் பின்னங்களை யார் கொண்டுவந்தார்கள்?

ஒருவர் அல்லர். 10-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் எழுதிய அல் உக்லிதிசியின் கணக்குகளில் தசமப் பின்னங்கள் உள்ளன. சமர்கண்டில் அல் காஷி 1427-இல் முடித்த நூலில் அவற்றை விரிவாகக் கையாண்டார். ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவின் 1585-இல் ஒரு சிறு நூல் எழுதி அன்றாடக் கணக்குக்கு அவற்றைக் கொண்டுவரப் பாடுபட்டார்.

ஸ்டெவின் புள்ளியைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு இலக்கத்துக்குப் பின்னும் ஒரு வட்டத்துக்குள் அதன் இடத்தைக் குறித்தார்: முழு எண்ணுக்கு 0, பத்தில் ஒன்றுக்கு 1, நூறில் ஒன்றுக்கு 2. நம் 3.47 அவர் கையில் 3⓪4①7②. அந்த வட்ட எண்களின் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அவை பத்தின் அடுக்குகளே. பத்தால் பெருக்க வேண்டுமா, வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வோர் எண்ணிலும் ஒன்றைக் குறைத்தால் போயிற்று. எழுதுவதற்குச் சிரமமான முறைதான். ஆனால் ஒவ்வோர் இலக்கமும் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அது மறைக்காமல் காட்டியது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் நேப்பியரின் எழுத்துகள் வழியாகப் புள்ளி பரவத் தொடங்கியது.

சில புத்தகங்களில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கிறதே?

ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட பல நாடுகளில் தசமத்தைக் காற்புள்ளியால்தான் பிரிப்பார்கள். இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்று 2003-இல் மேலே சொன்ன பொது மாநாடு தீர்மானித்தது. அதனால் 1,234 என்று பார்த்தால் எந்த நாட்டு வழக்கம் என்று தெரிந்துகொள்ளாமல் படிக்கக் கூடாது. ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்காகவும் இருக்கலாம், ஒன்றே கால்கூட எட்டாத சிறிய எண்ணாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே 10³ வித்தியாசம்.

.5 அல்லது 0.5, 5 அல்லது 5.0, எப்படி எழுதினால் என்ன, மதிப்பு ஒன்றுதானே?

.5-உம் 0.5-உம் ஒன்றே, 5.0-உம் 5-உம் ஒன்றே. ஆனால் கையெழுத்தில் புள்ளி மங்கிப்போனால் .5 என்பதை 5 என்றும், 5.0 என்பதை 50 என்றும் படித்துவிடுவார்கள். மருந்தின் அளவாக இருந்தால் ஒருவருக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், மருந்துச் சீட்டில் எழுதக் கூடாதவை என்று 2004-இல் வெளியிட்ட பட்டியலில் இந்த இரண்டையும் சேர்த்தது: புள்ளிக்கு முன்னால் பூஜ்ஜியம் இல்லாமல் எழுதக் கூடாது, முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்ஜியமும் போடக் கூடாது. ஆய்வக முடிவுகளில் எவ்வளவு நுட்பமாக அளந்தோம் என்று காட்ட 5.0 தேவைப்படும், அங்கே அது அனுமதி. வகுப்பறையிலும் 0.5 என்றே எழுதிப் பழக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

பயிற்சிக்குச் சில கணக்குகள் கிடைக்குமா?

இவற்றை எழுதாமல் மனதுக்குள் போட்டுப் பாருங்கள்: 0.9 × 10³, 7.03 × 10², 0.0005 × 10⁴; 46 × 10⁻³; 1.08 × 10⁻¹, −0.37 × 10². அடுத்து இரண்டைத் தலைகீழாக யோசியுங்கள்: எந்த எண்ணை 10³-ஆல் பெருக்கினால் 4.2 வரும்? 5.6-ஐப் பத்தின் எந்த அடுக்கால் பெருக்கினால் 0.056 வரும்?

விடைகள் வரிசையாக 900, 703, 5, 0.046, 0.108, −37; பிறகு 0.0042, 10⁻². நான்காவதில் தடுமாறியிருந்தால் 46-இல் ஒன்றாம் இடத்தில் இருப்பது 6 என்பதைக் கவனியுங்கள். மூன்றிடம் இறங்க வேண்டியது அந்த 6, அது ஆயிரத்தில் ஒன்றாம் இடத்தில் போய் நிற்கும். தலைகீழ்க் கணக்குகள் இரண்டும் சரியாக வந்திருந்தால் இந்தப் பாடத்தைத் தாண்டிப் போகலாம். வராவிட்டால் காகிதப் பட்டையை எடுத்து, விடையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள்.